ஒரே பையில் இரண்டு ஆறாம் நம்பர்

கிண்ணியாவில் ஜெமீலைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய தோளில் தொங்கும் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிறு காலையில் அவர் 'பாதை'யில் ஏறுவார். ஆளையும் வண்டியையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான படகுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஏறியதும் அவரிலும் இளையவர் யாராவது கேட்பார்: "தூண்டில் போடவா காக்கா போறீங்க?"

"ஓம், பெரிய மீனுக்கு" என்பார் ஜெமீல். கொல்ஃப் என்று சொல்லிப் பார்த்து, விளக்கிக் களைத்து, கடைசியில் மீனோடு சமாதானமாகிவிட்டவர் அவர்.

கொல்ஃப் துரைமாரின் விளையாட்டு என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காலத்தில் அக்கரைச் சீனன்குடாவுக்கு வந்து பார்த்திருக்கவேண்டும். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது எதை எதையோ கழற்றிக் கப்பலில் ஏற்றினான். எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டிகளான குதங்களுக்குக் கீழே சரிவில் கிடந்த ஒன்பது குழிகளையும், ஏழு பழைய மட்டைப் பைகளையும் கழற்ற அவனுக்கு நேரமில்லையோ மனமில்லையோ, விட்டுவிட்டுப் போனான். குதங்களில் வேலைசெய்த ஆட்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பம்ப் பார்க்கிறவர், குழாய் பொருத்துகிறவர், கணக்கெழுதுகிறவர் என்று இருபத்தெட்டுப் பேர். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் கிடையாது. ஆகவே குழியைச் சுற்றிப் பச்சைப் புல்லுக்குப் பதிலாக மணல். மணல் காற்றில் பறக்காமல் இருக்க அதில் கழிவெண்ணெயைக் கலந்து இறுக்கினார்கள். எண்ணெய்க்கு மட்டும் அந்த இடத்தில் என்ன பஞ்சம்? பந்தை உருட்டுவதற்குமுன் ஒரு பலகையால் மணலை இழுத்துத் தடவி வழிசெய்துகொள்ள வேண்டும். ஜெமீலின் மனைவி மைமூனா சொல்லுவா: "வேலைக்குப் போனாலும் எண்ணெய் மணம், விளையாடப் போனாலும் எண்ணெய் மணம். எந்த நாள் லீவு எண்டே எனக்குத் தெரியாது."

ஜெமீலுக்கு அப்போது, 1980-இல், நாற்பத்தொரு வயது. வால்வு பார்ப்பது வேலை. காட்டுக்குள் வரிசையாக நிற்கும் குதங்களுக்கிடையே நடந்து, திறக்கவேண்டியதைத் திறந்து, மூடவேண்டியதை மூடி, எங்கே கசிகிறது என்று பார்க்கவேண்டும். இருபது வருடம் அந்த நடை நடந்தவர். முப்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் கொல்ஃப் மட்டையைத் தொட்டார். அன்றைக்கு நாலாவது ஆள் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், போனார், பந்தில் ஒரே ஒரு அடிதான் சரியாகப் பட்டது. அந்த ஒரு அடி அவரைப் பிடித்த பிடியை ஒன்பது வருடமாக விடவில்லை.

ஏழு பைகளுக்கு இருபத்தெட்டுப் பேர் என்றால் ஒரு பைக்கு நாலு பேர். அதில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாள் விளையாடுவார்கள். ஜெமீலின் பைக்குக் கூட்டாளி சின்னராசா. கப்பல்துறை ஊரிலிருந்து சைக்கிளில் வரும் குழாய் பொருத்துநர், ஒல்லியான மனிதர், அவசரமில்லாத கதை. ஒரு குழிக்கு இவர் பை சுமப்பார், அடுத்த குழிக்கு அவர் சுமப்பார்.

பையிலிருந்த இரும்பு மட்டைகள் பழைய இங்கிலாந்துச் சரக்கு. மெல்லிய அலகு, கத்தியைப்போல. நடுவில் பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, பந்து தன்பாட்டில் எழும்பிப் போய்விடும். ஒரு விரல் தள்ளிப் பட்டதோ, முழங்கைவரை சுள்ளென்று ஏறும், பந்தும் புதர்ப் பற்றைக்குள் போய்விடும். பொய் பொறுக்காத இரும்பு. மூன்றாம், நாலாம் நம்பர் போன்ற நீள மட்டைகள் இன்னும் மோசம். அவற்றை ஜெமீல் முடிந்தவரை பையைவிட்டு வெளியே எடுக்கமாட்டார்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் மலைநாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர் ஜீப்பில் இறங்கி வருவார்கள். எட்டுக்கு எட்டு போட்டி; ஒருவருக்கு ஒருவர் மோதி, கூடுதலான குழிகளை எடுப்பவருக்கு வெற்றி. சீனன்குடாவில் அதுதான் வருடத்தின் பெரிய நாள். போன வருடம் ஜெமீலுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் தேநீர் ஊற்றும் உத்தியோகம். ஊற்றினார், சிரித்த முகத்தோடுதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை.

இந்த வருடம் ஏழு இடங்களுக்கு ஆட்கள் முடிவாகிவிட்டார்கள். எட்டாவது இடத்துக்குப் போட்டிக்கு முந்திய ஞாயிறு ஒன்பது குழிகளையும் இரண்டு சுற்றாக, பதினெட்டுக் குழி விளையாடி, குறைந்த அடியில் முடிப்பவரை எடுப்பதாக அணித்தலைவர் பாக்கியரத்தினம் அறிவித்தார். அவர் குதங்களின் மேற்பார்வையாளர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். எட்டாம் இடத்துக்குத் தகுதியாக இருந்தது இரண்டு பேர்தான். ஜெமீல். மற்றது, வேறு யார், சின்னராசா. ஒரு வருடமாக இரண்டு பேரும் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடம் ஜெமீலுக்கு வேண்டும். எப்படி வேண்டும் என்றால், வால்வைத் திருகும்போதுகூட மணிக்கட்டை மட்டை பிடிப்பதுபோல் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு வேண்டும்.

ஆகஸ்டில் மைமூனாவின் தம்பி அஸீம் டோஹாவிலிருந்து லீவில் வந்தான். மற்றவர்களுக்குச் சேலை, ரேடியோ. மச்சானுக்கு ஒரு நீளப் பெட்டி. பிரித்தால் உள்ளே பளபளவென்று இரும்பு மட்டைகள், மூன்றாம் நம்பரிலிருந்து முழுச் செற். முதுகு குடையப்பட்டு, ஓரமெல்லாம் கனமாக, அடிப்பாகம் இரண்டு விரல் அகலம்.

"கம்பனியில ஒரு அமெரிக்கன் இருக்கான் மச்சான்" என்றான் அஸீம். "பிழையா அடிச்சாலும் இது நேராப் போகுமாம். மன்னிக்கிற மட்டையாம்."

மைமூனா ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தா. "அகப்பை மாதிரிக் கிடக்கு" என்றா.

ஜெமீலுக்கு அது காதில் விழவில்லை. அடுத்த ஞாயிறுவரை எப்படிப் பொறுத்தார் என்பது அவருக்கே தெரியாது. முதல் குழியில் நாலாம் நம்பரை எடுத்தார். அடி நடுவில் படவில்லை, நுனிப்பக்கம் பட்டது. பழைய இரும்பு என்றால் கை மரத்துப் போயிருக்கும். பந்தோ உயர எழும்பி, கொஞ்சம் வலப்பக்கம் யோசித்து, பிறகு மனம் மாறியதுபோல் நேரே போய் வழியின் நடுவில் விழுந்தது. ஜெமீல் வாய் திறந்தபடி நின்றார். பிழை செய்துவிட்டு அடி வாங்காமல் தப்பிய சந்தோசம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. இரண்டாம் குழி, மூன்றாம் குழி, நீள அடியெல்லாம் அப்படியே. எட்டாம் இடம் கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

நாலாம் குழியில் பந்து வெறும் கிறவலில், புல்லில்லாத செம்மண் சரளையில், கிடந்தது. கச்சான் என்னும் வறண்ட காற்று மூன்று மாதமாகக் காய்ச்சி எடுத்த தரை, சீமெந்து மாதிரி. கிட்ட அடிக்கான புதிய ஒன்பதாம் நம்பரை எடுத்து அடித்தார். அந்த அகல அடிப்பாகம் கிறவலில் மோதித் துள்ளி, பந்தின் வயிற்றில் அடித்தது. பந்து தரையோடு தரையாகச் சீறிப்போய் எண்ணெய்க் குழாயில் 'டங்' என்று மோதியது. அந்தச் சத்தத்துக்கு பக்கத்து விமானப்படை முகாமின் காவல்காரர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார்.

"மன்னிச்சதெல்லாம் போதும் எண்டு நினைச்சிட்டுது போல" என்றார் சின்னராசா.

இப்படித்தான் அந்தக் குழப்பம் தொடங்கியது. கிறவலுக்கும் பந்துக்கும் இடையில் நுழைய மெல்லிய கத்தி வேண்டும்; அது பழைய இரும்பில்தான் இருக்கிறது. தூர அடிக்குப் பிழை பொறுக்கும் மட்டை வேண்டும்; அது புதியதில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிறு முழுக்கப் பழையதால் விளையாடினார்: எண்பத்தெட்டு. அடுத்த ஞாயிறு முழுக்கப் புதியதால்: எண்பத்தெட்டு. எங்கெங்கே அடி வீணானது என்று சிகரெட் பெட்டி அட்டையில் குறித்துப் பார்த்தார். பழையதால் தூர அடியில் ஆறு நட்டம். புதியதால் கிட்ட அடியில் ஆறு நட்டம். தூரத்துக்குப் புதியது, கிட்டத்துக்குப் பழையது. இரண்டையும் ஒரே பையில் போட்டால் எண்பத்திரண்டு!

ஆனால் அது ஆகாத காரியம். சீனன்குடாவில் அதைச் சின்னப்பிள்ளையும் சொல்லும். மட்டைக் கொட்டகையின் பலகையில் ஏழு விதிகள் ஒட்டியிருந்தன. ஏழாவது விதி: ஒரு பையின் இரும்பை இன்னொரு பையின் இரும்போடு கலக்கக் கூடாது. பந்தைக் கையால் நகர்த்தக் கூடாது என்பது எப்படியோ அதுவும் அப்படியே. ஒருமுறை யாரோ தெரியாமல் கலந்துவிட்டு, தானாகவே ஆட்டத்தை விட்டு விலகினார் என்று பெருமையோடு சொல்லுவார்கள்.

ஜெமீல் மூன்று நாள் யோசித்தார். மூன்றாம் நாள், குதத்தின் உச்சி ஏணியில் நிற்கும்போது, ஒரு எண்ணம் வந்தது. எல்லாப் பிழைக்கும் ஒரு தண்டம் உண்டு. ஒரு அடி, இரண்டு அடி என்று. கலப்பதற்குத் தண்டம் இரண்டு அடிதான் என்றால்? ஆறு அடி லாபம், இரண்டு அடி தண்டம். நாலு அடி மிச்சம். இறங்கின வேகத்தில் இரண்டு படி தவறியது.

நேரே பாக்கியரத்தினத்தின் அறைக்குப் போனார்.

"சேர், ஒரு விசயம் கேக்கணும். இரும்பைக் கலந்தா எத்தினை அடி தண்டம்?"

பாக்கியரத்தினம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அதுக்குத் தண்டமில்லை ஜெமீல். ஆளையே வெளியில போடுறதுதான்."

"புத்தகத்தில ஒருக்காப் பாத்துச் சொல்ல ஏலாதா சேர்?"

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஆங்கில விதிப் புத்தகம் வெளியே வந்தது. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தபடியால் அதை யாரும் திறந்ததில்லை. பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. பாக்கியரத்தினம் பொருளடக்கத்தைப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஜெமீல் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மணித்தியாலம் போனது. பியோன் வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறிப்போனது.

"மொத்தம் பதினாலு மட்டைக்கு மேல வைச்சிருக்கப்படாது எண்டிருக்கு" என்றார் கடைசியில். "எந்த மட்டையோடு எந்த மட்டை எண்டு ஒரு சொல்லும் இல்லை."

இரண்டு பேரும் மட்டைக் கொட்டகைக்கு நடந்தார்கள். சும்மா நடையில்லை, கிட்டத்தட்ட ஓட்டம். பாக்கியரத்தினம் பலகைக் காகிதத்தின் அடியில் மங்கிக் கிடந்த ஆங்கில எழுத்தை மூக்கு முட்ட வாசித்தார். 1958-ஆம் வருடம். கையெழுத்துப் போட்டிருந்தவர் விளையாட்டுக்காரர் அல்ல, ஸ்ரோர் கீப்பர். ஏழு பைகளை இருபத்தெட்டுப் பேர் மாறிமாறி எடுத்தால் மாலையில் எந்த இரும்பு எந்தப் பைக்கு உரியது என்று தெரியாமல் போகும். அந்தத் தலையிடிக்குப் பயந்து அந்த மனிதர் எழுதி ஒட்டிய வரியைத்தான் இருபத்திரண்டு வருடமாக எல்லாரும் கொல்ஃப் சட்டம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியரத்தினத்தின் காது சிவந்தது. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து ஏழாவது விதியைக் குறுக்காக வெட்டினார்.

"அப்ப கலக்கலாமா சேர்?"

"கலக்குங்கோ. நல்லாக் கலக்குங்கோ" என்றார் அவர், கோபம் யார்மீது என்று தெரியாமல்.

அன்று பாதையில் வீடு திரும்பும்போது ஜெமீல் உட்காரவே இல்லை. மைமூனாவிடம் சொன்னார், அஸீமிடம் சொன்னார், கேட்கப் பிரியமில்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னார். பையை அடுக்கினார். மூன்று, நாலு, ஐந்து புதியது. ஏழு, எட்டு, ஒன்பது, மணல் மட்டை எல்லாம் பழையது. ஆறாம் நம்பரில் மட்டும் கை நின்றது. அது தூரமுமில்லை, கிட்டமுமில்லை. அரை மணித்தியாலம் யோசித்து இரண்டு ஆறாம் நம்பரையும் போட்டார். எண்ணிப் பார்த்தால் பதினாலுக்குள்தான் வந்தது.

எட்டாம் இடத்துக்கான ஞாயிறு காலை சின்னராசா சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, வெட்டப்பட்ட விதியை ஒரு தரம் பார்த்தார். விசயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. வழக்கம்போல முதல் குழிக்குப் பையைத் தோளில் போட்டார்.

ஜெமீலுக்கு அப்போதுதான் உறைத்தது. விதி எல்லாருக்கும் போய்விட்டது. ஆனால் புதிய இரும்பு இருப்பது தன்னிடம் மட்டும். சின்னராசா பழையதை வைத்துக்கொண்டு மாரடிக்க, தான் இரண்டையும் வைத்து ஆறு அடியில் வெல்லலாம். ஒருவரும் குறை சொல்லமுடியாது. எட்டாம் இடம் நிச்சயம். அந்த நிச்சயம் அவருக்குப் பிடித்திருந்தது, மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வென்றது அஸீமின் பெட்டியா தானா என்று சாகும்வரைக்கும் தெரியாமல் போய்விடும் என்பது மட்டும் பிடிக்கவில்லை.

"சின்னராசா, புதுசும் உனக்குத்தான். எது வேணுமோ எடு" என்றார்.

"உனக்கென்ன விசரா?"

"ஒரு பைதானே."

சின்னராசா ஒரு புது இரும்பை உருவிக் கையில் எடை பார்த்தார். "அப்ப பிறகு அழப்படாது" என்றார்.

அன்றைய ஆட்டத்தைப் பார்க்க வேலை முடிந்தவர்கள், வேலை முடியாதவர்கள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேரும் அதுவரை விளையாடாத விளையாட்டு. சின்னராசாவின் மூன்றாம் நம்பர் அடி வழியோரம் மேய்ந்த மான்கூட்டத்தின் தலைக்கு மேலால் போனது. ஜெமீல் பழைய ஒன்பதால் கிறவலிலிருந்து பந்தை ஊசியால் குத்தி எடுப்பதுபோல் எடுத்து மணலில் வைத்தார். ஒருவர் ஒன்று முந்தினால் மற்றவர் அடுத்த குழியில் பிடித்தார். பதினேழு குழி முடிந்தபோது பாக்கியரத்தினம் அட்டையைக் கூட்டி, மறுபடி கூட்டி, தலையை நிமிர்த்தினார். சமம். இருவரும் எழுபத்தெட்டு. அப்படி ஒரு எண்ணிக்கையை கொட்டகைப் பலகை கண்டதே இல்லை.

கடைசிக் குழி. ஜெமீலின் முதல் அடி மட்டையின் குதிப்பக்கம் பட்டது. புதிய மூன்றாம் நம்பர் அதையும் பொறுத்து வழியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் பந்து நின்றது ஒரு புல்கூட இல்லாத கிறவலில். சின்னராசாவின் பந்து எட்டு முழம் பின்னால், நல்ல காய்ந்த புல்லுக்கு மேல். அவர் யோசிக்கவில்லை. புதிய ஆறாம் நம்பர், அமைதியான வீச்சு, பந்து மணலின் பின்விளிம்பில் போய் இருந்தது. ஆட்கள் கைதட்டினார்கள்.

ஜெமீல் பையின் முன்னால் நின்றார். இரண்டு ஆறாம் நம்பர். புதியதை எடுத்தால் பிழை பொறுக்கும். ஆனால் இந்தத் தரையில் அது துள்ளும், துள்ளினால் பந்து குழாயில்தான். பழையதை எடுத்தால் துள்ளாது. ஆனால் ஒரு விரல் தள்ளிப் பட்டால் மணலுக்கு முன்னாலுள்ள வடிகால் கானுக்குள் விழும், எட்டாம் இடமும் அதோடு விழும். உள்ளங்கை வேர்த்தது. வீட்டில் உடுக்கும் சாரம் என்ற நினைப்பில் துடைக்கக் கையைக் கொண்டுபோனார், காற்சட்டைதான் இருந்தது.

பழையதை உருவினார். கூட்டத்தில் யாரோ "ச்ச்" என்றது கேட்டது.

அடித்தார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்றைத்தான் அடித்தேனா என்று கீழே பார்த்தார். பந்து அங்கே இல்லை. நிமிர்ந்தபோது அது உச்சியில் நின்று இறங்கிக்கொண்டிருந்தது. கானைத் தாண்டி, எண்ணெய் மணலில் பொத்தென்று விழுந்து, இரண்டு முழம் உருண்டு, குழிக்கு மூன்றடியில் நின்றது.

சின்னராசா பலகையால் வழி தடவி உருட்டினார். குழியின் உதட்டைத் தொட்டு நின்றது. இரண்டாவதில் போட்டார். ஜெமீல் தன் வழியைத் தடவினார், ஒரு தரம் போதாதென்று மூன்று தரம் தடவினார், உருட்டினார். பந்து உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. எண்பத்தொன்றுக்கு எண்பத்திரண்டு. துள்ளவேண்டும்போல இருந்தது, துள்ளினார். நாற்பத்தொரு வயதில், மூன்று பிள்ளைகளின் வாப்பா, எல்லாரும் பார்க்கத் துள்ளினார்.

பாக்கியரத்தினம் பலகையில் எட்டுக்கு எதிரே சோக்கட்டியால் பெயரை எழுதியபோது ஜெமீல் அதைப் பல தரம் வாசித்தார். சின்னராசா மண்ணெண்ணெய்த் துணியால் இரும்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்தில நான் புதுசைத்தான் எடுத்திருப்பன்" என்றார். "எடுத்துக் குழாயில அடிச்சிருப்பன்."

சின்னராசா துடைத்த பழைய ஆறாம் நம்பரைப் பைக்குள் போட்டார்.

"வாற கிழமை பையை நான் தூக்குறன். தோட்டத்து ஆக்கள் பை தூக்க ஆளோடதான் வருவினம். ஆனா எதை எடுக்கிறது எண்டு என்னட்டக் கேக்கப்படாது. நீயே எடுக்க வேணும்."

"கேக்க மாட்டன்" என்றார் ஜெமீல்.

அடுத்த ஞாயிறு முதல் குழியிலேயே கேட்டுவிட்டார். சின்னராசா வானத்தைப் பார்த்துக்கொண்டு பையை மட்டும் கொஞ்சம் சரித்துப் பிடித்தார், பழைய இரும்புகள் முன்னுக்கு வரும்படியாக. ஜெமீல் அன்று தன் ஆட்டத்தை இரண்டு குழிகளால் வென்றார்.